காலித் தட்டை நம்புகிறவர்கள்

நீங்கள் அள்ளிய கவளத்தை வாய் வரைக்கும் போகவிட்டு, சரியாக உதட்டருகே தடுத்து நிறுத்தி, "இது எத்தனை கிராம் இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் பயிற்சி டயட்டீஷியன். படிப்பை முடித்தவர், ஆனால் பதிவு பெறாதவர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு மேற்பார்வையாளரின் கண்ணெதிரே, சமையலறையில் கொஞ்ச நாள், வார்டில் கொஞ்ச நாள் என்று வேலை பழகி, பழகிய ஒவ்வொரு வேலைக்கும் கையெழுத்து வாங்கினால்தான் பரீட்சை, பரீட்சை தேறினால்தான் பதிவு, பதிவு வந்தால்தான் கதவில் பெயர்ப்பலகை. அதுவரை அவருக்கு நோயாளிகள் போதமாட்டார்கள். சொந்தக்காரர்களைப் பிடிப்பார். சொந்தக்காரர்கள் தப்பி ஓடினால் அவர்களைத் தேடி வருகிறவர்களைப் பிடிப்பார். எங்கள் வீட்டுக்கு ஸ்டவ் ரிப்பேர் செய்ய வந்தவர் போகும்போது இடுப்பளவு கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவு விவரமாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்கிறீர்களா? என் அக்கா மகள் இந்தப் பயிற்சிக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். அந்தத் தகுதிதான். நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அளந்து பிழைக்கிறவன்தான் நானும். ஆனால் கடைக்கு வருகிறவரின் கண்ணை அளந்துவிட்டு விட்டுவிடுவேன். அவர் அதற்குமேல் எதைப் பார்க்கிறார் என்பது அவர் பாடு. இவர்கள் அப்படி விடுகிறவர்கள் இல்லை. வந்த மறுநாளே அவளுக்கு என் மனைவி 'கிராம்' என்று பெயர் வைத்தாள். கிராமுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் அல்லவா, கையெழுத்துப் போடும் அந்த மேற்பார்வை அம்மாள்? அவருக்கு 'கிலோ' என்று நான் வைத்தேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். தோளில் ஒரு பை, பைக்குள் ரப்பர் சாப்பாடு. ஆமாம், ரப்பர்தான். ரப்பர் முட்டை, ரப்பர் ரொட்டி, ஒரு கரண்டி ரப்பர் சாதம், ரப்பர் கேரட். நோயாளிகளுக்கு அளவைக் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் கொடுப்பது. எங்கள் வீட்டு மேஜையில் அவள் அதைப் பரப்பி வைத்த முதல் நாள், என் மனைவி அந்த முட்டையை எடுத்து அடுப்பில் வேகவைத்துவிட்டாள். வெகுநேரம் வெந்தது. கடைசியில் ஓட்டை உடைக்கப் போய், சுவரில் தட்டி, அம்மிக்குழவியால் தட்டி, "இந்தக் காலத்து முட்டையே இப்படித்தான்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அலமாரியில் வைத்தாள். கிராம் வந்து பார்த்துவிட்டு, "அத்தை, இது ஆஸ்பத்திரி சொத்து" என்றாள். முட்டைக்கு எதுவும் ஆகவில்லை. கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த அடையாளம், அந்தக் கேள்வி. "நேத்து காலைல எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?" கேட்க ஒன்றுமில்லாத கேள்வி மாதிரி இருக்கும். பதில் சொல்ல உட்கார்ந்து பாருங்கள். நான் நாணயஸ்தன் என்று கடைத்தெரு முழுக்கப் பெயர். அப்பேர்ப்பட்ட நான், காலையில் ரெண்டு ரொட்டி, மத்தியானம் சாதமும் காயும், மாலையில் டீ, இரவு சூப் என்று மளமளவென்று ஒப்பித்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து, "டீயோட பிஸ்கட்" என்றாள். "ஒண்ணுதான்" என்றேன். "பாக்கெட் ஒண்ணா?" என்றாள். அதுவரைக்கும் எங்கள் கல்யாண வாழ்க்கை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வார்டுப் பயிற்சி முடியும் தறுவாயில் கிராமுக்கு இரண்டு நோயாளிகளைக் கொடுத்தார்கள். இருவரும் அடுத்தடுத்த கட்டில். ஒருவர் தையல்காரர். குடலிறக்க ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறார். ஆள் அவருடைய ஊசியை விடக் கொஞ்சம் தடிமன். இரண்டு கிலோவாவது ஏறினால்தான் கத்தியை எடுப்பேன், இன்னும் இறங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொருவர் லாரி டிரைவர். முழங்கால் ஆபரேஷன். அவருக்கு நேர்மாறாக எடை இறங்கியாக வேண்டும். ஒருவரை ஏற்று, ஒருவரை இறக்கு, செய்ததை எல்லாம் எடுத்துச் சொல், கிலோ கையெழுத்துப் போடுவார் என்றார்கள். சொதப்பினால் வார்டுப் பயிற்சி மொத்தமும் முதலிலிருந்து. என் அக்காவோ, இந்த வருஷமே பதிவு வந்துவிடும் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

கிராம் களத்தில் இறங்கினாள். தையல்காரருக்கு சூப்பில் வெண்ணெய், பாலில் பால்பவுடர், இரண்டு முட்டை, உருளைக்கிழங்கின்மேல் சீஸ். டிரைவருக்கு வேகவைத்த சுரைக்காய், வேகவைத்த பீன்ஸ், வேகவைக்காத வெள்ளரிக்காய். இரண்டு ட்ரேயிலும் மூடி போட்டு, பெயர் எழுதிய சீட்டு வைத்து, தள்ளுவண்டியில் அந்தந்தக் கட்டிலுக்கான அடுக்கில் செருகி அனுப்புவார்கள். அனுப்பியதும் வார்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கதவில் ஒரு போர்டு தொங்கும்: 'உணவு நேரம். நோயாளிகளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.' சாப்பிடும்போது ஊசி, ரத்தப் பரிசோதனை, டாக்டர் வருகை என்று யாரும் உள்ளே போய்த் தொல்லை கொடுக்கக்கூடாது என்று ஏற்பட்ட நல்ல வழக்கம். கிராம் அந்தப் போர்டை மதித்தாள். கதவுக்கு வெளியே தராசோடு நின்றாள். தட்டுகள் திரும்பி வந்ததும் மிச்சத்தை நிறுத்தாள். நிறுக்க எதுவும் இல்லை. இரண்டு தட்டும் வழித்து நக்கினாற்போல் காலி.

அன்று வீட்டுக்கு வந்தவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மாமா, ஒரு பருக்கை மிச்சமில்ல" என்றாள். தன் கையால் சமைத்ததை ஊரே சாப்பிட்டுப் புகழ்ந்ததுபோல அவ்வளவு சந்தோஷம்.

வாரக் கடைசியில் எடை பார்த்தார்கள். தையல்காரர் இறங்கியிருந்தார். டிரைவர் ஏறியிருந்தார்.

இந்த இடத்தில் உங்களுக்கும் எனக்கும் ஒரு சந்தேகம் வரும். கிராமுக்கும் வந்தது. எடை பார்க்கும் மெஷினின் மேல் வந்தது. அவளே ஏறி நின்று பார்த்தாள், நர்ஸை ஏற்றினாள், கூட்டித் துடைக்கிறவரை வாளியோடு ஏற்றி, வாளி இல்லாமல் இறக்கி ஏற்றினாள். மெஷின் சரியாக இருந்தது. அப்படியானால் அளவு போதவில்லை என்று அர்த்தம். தையல்காரருக்கு மூன்றாவது முட்டையும் ஒரு வாழைப்பழமும் சேர்த்தாள். டிரைவருக்குப் பீன்ஸை நிறுத்தினாள். தட்டுகள் முன்னைவிடச் சுத்தமாக வந்தன. அடுத்த எடை இன்னும் மோசம். மறுபடி கூட்டினாள், மறுபடி குறைத்தாள். கூட்டக் கூட்ட ஒருவர் இளைக்கிறார், குறைக்கக் குறைக்க இன்னொருவர் பெருத்துப்போகிறார். நோயாளிகளை நேரிலும் விசாரித்தாள், வேறெதைக் கேட்பாள், அதே கேள்விதான், கொஞ்சம் மாற்றி: "ட்ரேல என்னென்ன இருந்துச்சு?" தையல்காரர் வெண்ணெய் சூப்பிலிருந்து வாழைப்பழம் வரை ஒன்று விடாமல் சொன்னார். டிரைவர் சுரைக்காயைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் கேட்டுக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் தையல்காரர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மடியில் டிரைவருடைய ஆஸ்பத்திரி பைஜாமாவை வைத்துக்கொண்டு, இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் கண்முன்னால்தான். அவளும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கைவேலை செய்யறது மனசுக்கு நல்லதுய்யா" என்று பாராட்டிவிட்டு வந்தாள்.

சரி, இவள் சின்னப்பெண். கிலோ என்ன செய்தார் என்கிறீர்கள்? கிலோவும் ஒரு காலத்தில் கிராமாக இருந்தவர்தானே. அவருக்கு ஒரு மந்திரம் உண்டு: "தட்டு பொய் சொல்லாது." இரண்டு காலித் தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு உடம்பைப் பார்த்ததில்லம்மா" என்றார். உடம்பு சாப்பாட்டைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது என்று இருவரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். இந்த வியாதிக்கு உலகத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லையாம். கிராம் அன்று சாப்பாட்டு மேஜையில் எங்களிடம் கேட்டாள், "கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் வைப்பாங்க, இல்ல மாமா?"

"கிராம் வியாதின்னா நல்லாவே இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் எடுத்த இரண்டாவது ரொட்டியைத் தராசில் வைத்தாள். உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறாள் என்று என் மனைவிக்குத் தெரிந்தது. இன்னும் அரைக் கிலோ இறங்கினால் தையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், தன் கையெழுத்தும் அவரோடு படியிறங்கிவிடும். வியாதிக்குப் பெயர் வைக்கிறேன் என்று திரிந்தது எல்லாம் அந்தப் பயத்தை மூடத்தான். என் மனைவி அவளிடம், "நீ ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டாள். "அத்தை, நான் டயட்டீஷியன்" என்றாள். மத்தியானம் அவள் நின்றுகொண்டே காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும்.

கையெழுத்து நாள் வந்தது. கிலோ காலையிலேயே வந்துவிட்டார். கிராம் சீட்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். ட்ரேக்களைத் தானே வண்டியில் செருகுகிறேன் என்று சொல்லிச் செருகினாள். வண்டி உள்ளே போனது, சாப்பாடு பரிமாறியாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று. போர்டு தொங்கிற்று. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தையல்காரர் ட்ரேயை டிரைவர் அடுக்கிலும், டிரைவர் ட்ரேயைத் தையல்காரர் அடுக்கிலும் மாற்றிச் செருகியிருக்கிறாள். வெண்ணெயும் மூன்று முட்டையும் டிரைவருக்குப் போய்விட்டன. வேகவைத்த சுரைக்காய் தையல்காரருக்கு.

நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்? வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள். தட்டு எப்படியும் காலியாகத்தான் வரும், யாருக்குத் தெரியப்போகிறது? நானாயிருந்தால் அப்படித்தான் நின்றிருப்பேன். இந்த இனத்தை எவ்வளவு கேலி செய்தாலும் இதை மட்டும் சொல்லியாக வேண்டும்: அவள் நிற்கவில்லை. "மேடம், ட்ரே மாறிப் போச்சு. என் தப்பு. உள்ள போகணும்" என்றாள். கிலோ போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளினார்.

உள்ளே தையல்காரர் மடியில் வெண்ணெய் சூப் இருந்தது. அவர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, படிக்காத பாடத்தில் கேள்வி வந்த மாணவன்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் மடியில் சுரைக்காய். கிலோ சீட்டுகளை எடுத்துப் படித்தார். தையல்காரர் ட்ரேயில் தையல்காரர் பெயர். டிரைவர் ட்ரேயில் டிரைவர் பெயர்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார் கிலோ.

"இல்ல மேடம், மாறி இருக்கணும்."

"மாறலையேம்மா."

"அதான் மேடம் தப்பு. நான் மாத்தி அனுப்பினேன்."

"மாத்தி அனுப்பினா சரியா எப்படி வரும்?"

இதற்குப் பதில் டிரைவரிடம் இருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் தாமாகவே கட்டிலுக்கு வந்திருக்கிறார் என்று கண்ட அவர், மனக்குறையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்துவிட்டார்.

"மேடம், ஒரு புகார். டெய்லருக்கு வர்ற சாப்பாடு தினமும் அருமையா இருக்கும். முட்டை என்ன, வெண்ணெய் என்ன. இன்னைக்கு என்ன ஆச்சு உங்க சமையல்காரருக்கு? மூடியத் திறந்தா சுரைக்கா. என் சாப்பாடுதான் அப்படின்னா, அவர் சாப்பாட்டையும் கெடுத்துட்டா எப்படி?"

கிலோ நிதானமாகக் கேட்டார். "அவர் சாப்பாடு அருமையா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் வாயைத் திறந்தார். லாரியைத் தப்பான தெருவுக்குள் விட்டுவிட்டோம், இனி பின்னால் எடுக்கவும் இடமில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவைச் சாத்தியதும் மூடியைக்கூடத் திறக்காமல் ட்ரேக்களை மாற்றிக்கொள்வது இருவருக்கும் கைப்பழக்கமாகியிருந்தது. அன்றும் மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அத்தனை நாளில் முதல்முறையாக அவரவர் சாப்பாடு அவரவருக்கு வந்து சேர்ந்தது.

"ஏன்யா?" என்றாள் கிராம் தையல்காரரிடம். கோபமாகக் கேட்க நினைத்திருக்கிறாள், குரல் அப்படி வரவில்லை.

தையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "அவரு பாத்துக்கிட்டே இருப்பாரும்மா. மூடியத் தொறந்ததும் வாசனை அங்க போகுது. அவரு முன்னால அந்த வெள்ளரிக்கா. பக்கத்துல ஒரு மனுஷன் எச்சி முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்கும்போது எப்படிம்மா வாயில வைக்கிறது? எனக்குத் தொண்டையில எறங்காது."

"நான் தினம் வந்து கேட்டேனே. சொல்லியிருக்கலாமே."

"நீங்க ட்ரேல என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்க. சொன்னேன்." கதவைக் கைகாட்டினார். "அப்புறம், தட்டை எடுத்துட்டு வெளிய போறப்போ அந்தக் கதவு திறக்குமில்ல, அது வழியா பாப்பேன். காலித் தட்டைப் பாத்ததும் உங்க மூஞ்சி அப்படியே மலரும். பெத்த பொண்ணு மாதிரி இருக்கீங்க. அதை ஏன் கெடுக்கணும்னு..."

டிரைவர் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டே, "எனக்காகவா குடுத்தே? அப்பவே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருப்பேனே" என்றார். இடுப்பைப் பிரித்துவிட்ட பைஜாமாவைப் போட்டுக்கொண்டும், அந்தச் சாப்பாடு தனக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

கிலோ அன்று கையெழுத்துப் போடவில்லை. பேனாவை எடுத்தார், மூடினார். தட்டு பொய் சொல்லாது என்ற மந்திரத்தை அதற்குப் பிறகு அவர் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு திரை போடச் சொன்னார். பிறகு கிராமிடம், "நாளையிலேர்ந்து நீ உள்ள உக்காந்து இவர்கூட சாப்பிடு" என்றார்.

"மேடம், போர்டு இருக்கே?"

"தொந்தரவு பண்ணாதேன்னுதான் போட்டிருக்கு. சாப்பிடாதேன்னு போடலியே."

மறுநாள் முதல் கிராம் கதவுக்கு உள்ளே உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்தாள், அதே காய்ந்த ரொட்டி. தையல்காரர் அதைப் பார்த்தார், தன் முட்டையைப் பார்த்தார். மறுபடியும் அதே சங்கடம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த கண்கள் இப்போது இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டன. "நீங்க இதைத் தின்னுட்டு, நான் அதைத் தின்னா நல்லாவா இருக்கு?" என்றார். அவள் வேண்டாம் என்றாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கடைசியில் பாதி முட்டையை அவள் வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதியை அவர் சாப்பிட்டார். மொத்தத்தையும் சாப்பிட்டார்.

தட்டு காலியாக வெளியே வந்தது. கிலோ வழக்கம்போலக் கேட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று. கிராமின் கையில் தராசு இருந்தது, தராசில் தட்டு இருந்தது, மிச்சம் எதுவும் இல்லை. முழுசாகச் சாப்பிட்டார் என்று சொல்லியிருந்தால் தராசே சாட்சி சொல்லியிருக்கும்.

"பாதி முட்டை குறைவு மேடம்" என்றாள். "அது என் வயித்துல இருக்கு."

கிலோ கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து என் மனைவி அவள் டப்பாவில் இரண்டு முட்டை வைத்து அனுப்பினாள், வேகவைத்தது, ரப்பர் இல்லாதது. எதிரில் இருப்பவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றதும் தையல்காரரும் நிம்மதியாகச் சாப்பிட்டார். எடை ஏறி ஆபரேஷன் ஆகி வீடு போய்ச் சேர்ந்தார். டிரைவருக்கு எடை இறங்கத் தொடங்கியதும், பிரித்துவிட்ட பைஜாமாவைத் தையல்காரர் மறுபடி பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாராம். இதெல்லாம் கிராம் சொன்னது பாதி, கண்ணாடி மாற்ற என் கடைக்கு வந்த டிரைவர் சொன்னது மீதி. அவர் கதையில் சுரைக்காய் வருகிற இடங்கள் நீளமாக இருந்தன.

கிராம் இப்போது திருந்திவிட்டாளா என்று கேட்கிறீர்கள். முன்பு நான் சாப்பிடும்போது என் தட்டைப் பார்ப்பாள். இப்போது எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள். முந்தியதே தேவலாம் போலிருக்கிறது.

நல்லவேளை, நமக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை என்று நீங்கள் சாய்ந்து உட்கார்வது எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும். போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தவர் தட்டைக் காலி செய்ததும், அவருக்குப் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி வைத்தீர்களே, அப்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? பிள்ளை தட்டு காலியாக இருக்கிறது என்று நிம்மதியாக எழுந்து போனீர்களே, மேஜைக்கு அடியில் நாய் இருந்ததா என்று குனிந்து பார்த்தீர்களா? அதையும் விடுங்கள். நான் மேலே அந்தக் கேள்வியை எழுதியபோது, நேற்று என்ன சாப்பிட்டோம் என்று நீங்களும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தீர்கள் அல்லவா?

அந்த பிஸ்கட்டை விட்டுவிட்டீர்கள்.